காந்தி கோயிலும் அதிர்ஷ்டச் சீட்டும்

தமிழ்நாட்டில் கோயில் இல்லாத ஊர் ஏது? ஊர் எல்லையில் ஐயனார் இருப்பார். தெருக்கோடியில் மாரியம்மன் இருப்பாள். அரச மரத்தடியில் பிள்ளையார் நிச்சயமாக இருப்பார். ஆனால் அரையில் ஒரு முழத்துண்டும் கையில் ஒரு தடியுமாக நாடெங்கும் நடந்து திரிந்த மனிதர் ஒருவருக்குக் கோயில் எடுத்து, அதைக் காந்தி கோயில் என்றே அழைத்து வரும் ஊர் அபூர்வம். தேனி ஜில்லாவில், கம்பத்துக்கு அடுத்தாற்போல், சுருளி அருவிப் பக்கத்தில் இருக்கும் காமயகவுண்டன்பட்டி அத்தகைய ஊர். பெயர் நீளமாக இருப்பதால் பஸ் கண்டக்டர் முதல் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரையில் எல்லாரும் அதைக் 'கே.கே.பட்டி' என்று சுருக்கிவிட்டார்கள். பெயரைச் சுருக்கினார்களே தவிர, கீர்த்தியைச் சுருக்க முடியவில்லை. சுதந்திரப் போராட்ட காலத்தில் இந்த ஊரிலிருந்து சிறைக்குச் சென்றவர்கள் பலர்.

இப்பேர்ப்பட்ட ஊரைப் பற்றி எழுதும்போது லாட்டரிச் சீட்டைப் பற்றியும் எழுத வேண்டியிருப்பது விந்தைதான். ஆனால் பூகோளம் அப்படி அமைந்துவிட்டது. மேற்கே மலை; மலைக்கு அப்பால் கேரளம். அங்கே சர்க்காரே சீட்டு அச்சிட்டு விற்கிறது. இங்கே, 2003 ஆம் ஆண்டு ஜனவரி முதல், எந்த லாட்டரிச் சீட்டும் விற்கக் கூடாதென்று தடை. மலையின் இந்தச் சரிவில் குற்றமாக இருக்கும் காரியம் அந்தச் சரிவில் கஜானாவின் வருமானமாக இருக்கிறது. இரண்டில் எது நியாயம் என்ற கேள்வி, சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் உள்ளவர்களுக்குப் பட்ஜெட் விவகாரம். மலையடிவாரத்து ஜனங்களுக்கோ அது அன்றாடக் கூலியைப் பற்றிய விவகாரம். ஆகையால் அவர்களுடைய ஊருக்கே போய் இந்தக் கேள்வியை யோசித்துப் பார்ப்பது நல்லது.

தண்ணீர் வந்த கதை

தேனியிலிருந்து கம்பம் சுமார் 40 கிலோமீட்டர். வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம் என்று ஊர்கள் வரிசையாக வருகின்றன. வலப்புறம் மேற்குத் தொடர்ச்சி மலை; இடப்புறம் மேகமலை. இரண்டுக்கும் நடுவே வயலும் தென்னந்தோப்பும் வாழையும் திராட்சைப் பந்தலுமாகப் பூமி பச்சைப் பாய் விரித்தாற்போல் கிடக்கிறது. காமயகவுண்டன்பட்டியைச் சுற்றிலும் திராட்சைத் தோட்டங்கள்தாம் கண்ணுக்குத் தெரியும். கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, அதன்மேல் கொடி படரவிட்டிருக்கிறார்கள். பந்தலுக்குக் கீழே குனிந்து நடந்தால் தலைக்கு மேல் கருநீலக் கொத்துகள் தொங்குகின்றன. ஆண்டின் எந்த மாதத்திலும் ஏதாவது ஒரு தோட்டத்தில் அறுப்பு நடந்துகொண்டிருக்கும் என்பது இந்தப் பன்னீர்த் திராட்சையின் விசேஷம். 2023 ஆம் ஆண்டில் இதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இந்தப் பச்சை தானாக வந்தது என்று நினைத்துவிடக் கூடாது. மேற்கு நோக்கி ஓடி அரபிக்கடலில் விழுந்துகொண்டிருந்த பெரியாற்றை மலைமேல் அணை கட்டித் தடுத்து, மலையைக் குடைந்து சுரங்கம் வெட்டி, கிழக்கே திருப்பிவிட்டார்கள். திருவிதாங்கூர் சமஸ்தானத்தோடு 1886 இல் உடன்படிக்கை. 1895 இல் அணை திறப்பு. வேலையை நடத்திய என்ஜினீயர் பென்னிகுயிக்கின் படத்தை இன்றும் இந்தப் பள்ளத்தாக்கில் வீடுகளில் மாட்டி வைத்திருக்கிறார்கள். தைப் பொங்கலன்று அவர் பெயரால் பொங்கல் வைக்கிறார்கள். வெள்ளைக்கார சர்க்காரை எதிர்த்துச் சிறை சென்றவர்களின் நாட்டில் ஒரு வெள்ளைக்காரருக்கு இந்த மரியாதை! நன்றி என்பது நிறம் பார்ப்பதில்லை.

கம்பம் பள்ளத்தாக்கில் இன்று 14,707 ஏக்கர் நிலம் இந்தத் தண்ணீரால் இருபோகம் விளைகிறது. அணை கட்டியது ஜனங்களின் பொதுப் பணம். தண்ணீர் வந்தது, அதன் பின்னால் நஞ்சைத் தீர்வையும் வந்தது. தீர்வை அதிகம் என்று விவசாயி முணுமுணுத்திருப்பான். முணுமுணுக்காத விவசாயி எந்தத் தேசத்தில் இருக்கிறான்? ஆனால் எதற்காகக் கொடுக்கிறோம் என்பது அவனுக்குத் தெரியும். மடையைத் திறந்தால் விடை கிடைத்துவிடும். சர்க்கார் பணம் வாங்குவதற்கு இது ஒரு வழி. மற்றொரு வழியைப் பார்க்க வேண்டுமானால் மலை ஏற வேண்டும்.

மலை ஏறும் ஜீப்புகள்

பள்ளத்தாக்கில் பொழுது விடிவதற்கு முன்பே ஜீப்புகள் புறப்பட்டுவிடுகின்றன. கம்பம், கூடலூர், சுற்றுப்பட்டி கிராமங்கள் எல்லாவற்றிலிருந்தும் ஆண்களும் பெண்களும் தூக்குச் சட்டியில் சோற்றை எடுத்துக்கொண்டு ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறார்கள். அவர்களில் பெண்களே அதிகம். ஒரு வழி கம்பம்மெட்டு. இன்னொரு வழி லோயர் கேம்ப்பைத் தாண்டி வளைந்து வளைந்து ஏறும் குமுளி மலைப்பாதை. களையெடுத்து, உரம் வைத்து, ஏலக்காய் பறித்துவிட்டு, மாலையில் கூலியோடு இறங்குகிறார்கள். 1956 இல் ராஜ்யங்களைப் பாஷைவாரியாகப் பிரித்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் சேர்ந்தன. கோடு காகிதத்தில் விழுந்தது. உழைப்பவர்களின் கால்களுக்கு அந்தக் கோடு தெரியவில்லை. அன்று போலவே இன்றும் ஏறி இறங்குகின்றன.

குமுளியில் கோடு ஒரு கடைவீதியின் நடுவே ஓடுகிறது. இந்தப் பக்கத்துக் கடையில் தமிழ். அந்தப் பக்கத்துக் கடையில் மலையாளம். இரண்டு பக்கத்திலும் இரண்டும் பேசுவார்கள். கோட்டைத் தாண்டியதும் நம்முடைய கண்ணில் முதலில் படுவன மிளகும் ஏலமும் விற்கும் கடைகள்; அவற்றோடு போட்டி போட்டுக்கொண்டு வர்ணம் வர்ணமாகச் சீட்டுகளைத் தொங்கவிட்ட லாட்டரிக் கடைகள். தினந்தோறும் பிற்பகல் 3 மணிக்குக் குலுக்கல். சாதாரணச் சீட்டு 50 ரூபாய். முதற்பரிசு ஒரு கோடி. ஓணத்துக்கு விற்கும் 'பம்பர்' சீட்டு 500 ரூபாய். முதற்பரிசு 25 கோடி. 2023 ஆம் ஆண்டில் அந்த 25 கோடி, கூட்டாகச் சீட்டு வாங்கிய தமிழ்நாட்டார் நால்வருக்கு விழுந்தது. கோயமுத்தூர்ப் பக்கம் வாளையாறு எல்லையில் வாங்கிய சீட்டு அது. இந்தச் செய்தி வந்த பிறகு எல்லையோரத்து ஊர்களில் எத்தனை பேர் இரவில் தூங்கியிருப்பார்கள்!

தமிழ்நாட்டில் விற்கத்தான் தடை. ஒருவர் மலை ஏறிப் போய் ஒரு சீட்டு வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரும்புவதை எந்தப் போலீஸ் தடுக்க முடியும்? கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து இங்கே விற்றால் வழக்கு. இதைவிட மோசமானது 'மூன்று நம்பர் லாட்டரி.' சீட்டே கிடையாது. கேரளக் குலுக்கலில் விழும் எண்ணின் கடைசி மூன்று இலக்கங்களைச் சொல்லிப் பணம் கட்ட வேண்டியது. துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுக்கும் காலம் போய், இப்போது டெலிபோன் செய்தியிலேயே எல்லாம் முடிகிறது. 2019 டிசம்பரில் விழுப்புரத்தில் நகைத் தொழிலாளி ஒருவர் இந்தச் சூதில் கடன்பட்டு, மனைவியோடும் மூன்று பெண் குழந்தைகளோடும் உயிரை மாய்த்துக்கொண்டதை நாடு முழுவதும் படித்தது. தடை அமலில் இருந்து பதினாறு ஆண்டுகள் கழித்து நடந்தது அது.

டீக்கடைத் தர்க்கம்

இந்த விஷயம் வந்தால் பள்ளத்தாக்கின் டீக்கடைப் பெஞ்சிகளில் இரண்டு கட்சி ஏற்பட்டுவிடும். தர்க்கம் பெரும்பாலும் இந்த மாதிரிதான் நடக்கும்:

"அம்பது ரூவா போனா ரெண்டு டீயும் வடையும் போச்சுன்னு நெனச்சுக்கிறேன் மாமா. விழுந்துச்சுன்னா மகளைக் கட்டிக் குடுத்துருவேன். ஜீப்புல போயி இருவது வருசம் களையெடுத்தாலும் அது நடக்குமா?"

"விழுந்தாத்தானே மாப்ளே! இருவது வருசம் சீட்டு வாங்குன காசைச் சேத்து வச்சிருந்தா இந்நேரம் பாதிக் கல்யாணம் முடிஞ்சிருக்கும்ல?"

"கேரளாக்காரன் அந்தக் காசுல ஆசுபத்திரிக்காவது குடுக்குறான். நம்மாளுக சீட்டு விக்க மாட்டாய்ங்க; சரக்கு மட்டும் விப்பாய்ங்க. இது எந்த ஊரு நாயம்?"

மாமாவினிடம் இந்தக் கடைசிக் கேள்விக்குச் சட்டென்று பதில் வராது. நம்மிடமும் வராது. ஆகையால் முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். நாளொன்றுக்கு ஒரு சீட்டு. வருஷத்தில் 300 நாள். 15,000 ரூபாய் ஆகிறது. இருபது வருஷத்துக்கு 3 லட்சம். ஒவ்வொரு குலுக்கலிலும் ஏறக்குறைய ஒரு கோடிச் சீட்டுகளுக்கு ஒரு முதற்பரிசு. சிறு பரிசுகள் விழுவது உண்டு. அவை விழுந்த கையோடு அடுத்த சீட்டாக மாறிவிடுவதும் உண்டு. மாமாவின் கணக்கு சரிதான்.

ஆனால் மாப்பிள்ளையின் வாதத்தையும் ஒதுக்கிவிட முடியாது. கேரள சர்க்கார் 1967 இல் இந்தத் தொழிலைத் தொடங்கியது. இந்தியாவில் ராஜ்ய சர்க்கார் ஒன்று நடத்திய முதல் லாட்டரி அதுதான். முதற்குலுக்கல் 1968 ஜனவரி 26, சீட்டு ஒரு ரூபாய், முதற்பரிசு 50,000. இன்று அங்கே சீட்டு விற்றுப் பிழைப்பவர்களில் கால் ஊனமுற்றவர்கள், கண் பார்வை அற்றவர்கள், வேறு வேலை செய்ய இயலாத முதியவர்கள் ஏராளம். 2011-12 இல் 'காருண்யா' என்ற பெயரில் ஒரு நிதி ஏற்படுத்தி, லாட்டரி லாபத்தைக் கொண்டு ஏழைகளின் கொடிய நோய்களுக்கு வைத்தியம் செய்வித்தார்கள். உயிர் பிழைத்தவர்களிடம் போய், "இது சூதாட்டக் காசு" என்று சொல்ல நமக்கு நா எழாது.

தமிழ்நாடு சர்க்காரும் அக்காலத்தில் இதைச் செய்ததுதான். 1968 இல் அண்ணாதுரையின் மந்திரிசபை பரிசுச் சீட்டை ஆரம்பித்தது. விழுந்தால் வீட்டுக்கு லாபம், விழாவிட்டால் நாட்டுக்கு லாபம் என்ற கருத்தை அன்று பட்டிதொட்டியெல்லாம் பரப்பினார்கள். 2003 ஜனவரியில் ஜெயலலிதாவின் சர்க்கார் எல்லா லாட்டரிகளுக்கும் தடை விதித்தது. குடும்பங்கள் அழிகின்றன என்பது காரணம். காரணம் உண்மையானது. ஆனால் அதே 2003 ஆம் ஆண்டு நவம்பரில், மதுபானச் சில்லறை விற்பனையைச் சர்க்காரின் 'டாஸ்மாக்' நிறுவனமே எடுத்துக்கொண்டது. ஒரே வருஷத்தில் ஒரு கதவு அடைபட்டது. ஒரு கதவு திறந்தது. 2024-25 இல் அந்தக் கதவின் வழியாகத் தமிழ்நாட்டுக் கஜானாவுக்கு வந்த தொகை 48,344 கோடி ரூபாய். கேரளத்திலோ 2023-24 இல் விற்ற சீட்டுகளின் மொத்த விலையே சுமார் 12,500 கோடிதான். அதிலும் பெரும்பகுதி பரிசுக்கும் கமிஷனுக்கும் வரிக்கும் போய்விடும். கேரளமும் மது விற்கத்தான் செய்கிறது என்பதை இங்கே மறந்துவிடக் கூடாது.

மூன்று அதிகாரங்கள்

திருவள்ளுவர் கள்ளுண்ணாமையைத் தொண்ணூற்று மூன்றாவது அதிகாரமாக வைத்தார். சூதைத் தொண்ணூற்று நான்காவது அதிகாரமாக வைத்தார். அதற்கு அடுத்தபடி தொண்ணூற்றைந்தாவது அதிகாரம் மருந்து. நம்முடைய ராஜ்யங்களின் வரவு செலவுக் கணக்கும் இதே வரிசையில் நடக்கிறது. ஒருவர் தொண்ணூற்று மூன்றில் பணம் வாங்குகிறார். இன்னொருவர் தொண்ணூற்று மூன்றிலும் நான்கிலும் வாங்குகிறார். இருவரும் வாங்கிய பணத்தைத் தொண்ணூற்றைந்தில் செலவிடுவதாகச் சொல்லுகிறார்கள். முந்திய இரண்டு அதிகாரங்களும் சரியாக அனுசரிக்கப்பட்டால் மருந்துச் செலவு ஓரளவு குறையுமே என்று கேட்பவர்களை நிதி மந்திரிகளுக்குப் பிடிப்பதில்லை.

நிதி மந்திரிகளுக்குச் சாதகமாகப் பேசுகிற சாஸ்திரமும் நம் நாட்டில் இருக்கிறது. கௌடில்யர் தம்முடைய அர்த்த சாஸ்திரத்தில் சூதாட்டத்துக்கென்று ஓர் அத்தியட்சகரை நியமித்து, ஜெயித்த பணத்தில் நூற்றுக்கு ஐந்து வீதம் ராஜாங்கத்துக்கு வசூலிக்கச் சொன்னார். சூதை ஒழிக்க முடியாது. ஆகையால் ஓரிடத்தில் கூட்டி வைத்துக் கண்காணித்து வரி வாங்கு என்பது அவருடைய யுக்தி. கும்பினியார் காலத்தில் கல்கத்தாவில் இதைவிடத் தாராளமாகவே நடந்தது. அந்நகரத்து டவுன் ஹால் லாட்டரிப் பணத்தில் எழும்பியது. 1817 இல் ஏற்பட்ட லாட்டரிக் கமிட்டி, சீட்டு விற்ற பணத்தில் பெரிய சாலைகள் போட்டது. வரி விதித்தால் கூச்சல் கிளம்பும். சீட்டு விற்றால் ஜனங்கள் வரிசையில் நின்று கொடுப்பார்கள். இந்த ரகசியத்தைக் கௌடில்யரும் அறிந்திருந்தார், கும்பினியாரும் அறிந்திருந்தார்கள், இன்றைய சர்க்கார்களும் அறிந்திருக்கின்றன.

ஓட்டுப் போட்ட ஊர்கள்

சூதாட்ட வருமானம் வேண்டுமா, வேண்டாமா என்று நம் நாட்டில் ஜனங்களை நேரில் கேட்பது வழக்கம் இல்லை. அமெரிக்காவில் கேட்கிறார்கள். 1963 இல் நியூ ஹாம்ப்ஷயர் என்ற சிறு ராஜ்யம், பள்ளிக்கூடங்களுக்குப் பணம் தேடி லாட்டரிச் சட்டம் இயற்றியது. ஆனால் ஒவ்வோர் ஊரும் சம்மதித்தால்தான் அந்த ஊரில் சீட்டு விற்கலாம் என்று நிபந்தனை. 1964 இல் ஊர் ஊராக ஓட்டெடுத்தார்கள். பெரும்பாலான ஊர்கள் சரி என்றன. சில ஊர்கள் வேண்டாம் என்றன.

2022 நவம்பரில் கலிபோர்னியாவில் இரண்டு பந்தயப் பிரேரணைகள் ஓட்டுக்கு வந்தன. ஒன்று, டெலிபோன் மூலம் பந்தயம் கட்டுவதை அனுமதித்து, அதன் வரியை வீடற்ற ஏழைகளுக்குச் செலவிடுவதாகச் சொன்னது. மற்றொன்று, பூர்வ குடிகள் நடத்தும் சூதாட்ட விடுதிகளிலும் குதிரைப் பந்தய மைதானங்களிலும் பந்தயத்தை அனுமதிக்கச் சொன்னது. பிரசாரத்துக்கு இரு தரப்பும் கொட்டிய பணம் 40 கோடி டாலருக்கு மேல். ஜனங்கள் இரண்டையும் தோற்கடித்தார்கள். முதலாவதற்கு எதிராக விழுந்த ஓட்டு நூற்றுக்கு எண்பதுக்கு மேல்.

அந்தத் தேர்தலில் நம் கவனத்துக்குரிய சங்கதி ஒன்று உண்டு. சில நகர சபைகள் இரண்டாவது பிரேரணையை எதிர்த்தன. சூது பாவம் என்பதற்காக அவை எதிர்க்கவில்லை. அந்நகரங்களில் ஏற்கெனவே சீட்டாட்ட விடுதிகள் இருந்தன. போலீஸுக்கும் சாலைக்கும் வேண்டிய பணம் அந்த விடுதிகளின் வரியிலிருந்து வந்துகொண்டிருந்தது. புதிய சூது வந்தால் பழைய சூதின் வருமானம் போய்விடுமே என்ற பயம்! சூதில் வருமானம் தேடும் ஊருக்கு இறுதியில் நேரும் கதி இதுதான். சூதாடியாவது என்றைக்காவது ஒரு நாள் ஆட்டத்தை விட்டு எழுந்துவிடலாம். அவனை நம்பிச் சம்பளம் கொடுக்கிற நகர சபை எழுந்திருக்க முடியாது. டாஸ்மாக் வருமானத்தை விட்டுவிட வேண்டும் என்று எந்தக் கட்சி பேசினாலும், அந்தத் தொகையை எங்கிருந்து கொண்டுவருவது என்று உடனே எதிர்க் கேள்வி பிறப்பதன் காரணமும் இதுவே.

ராஜாஜி கண்ட வழி

இந்த எதிர்க் கேள்விக்கு ஒருவர் பதில் சொல்லியிருக்கிறார். அவர் நம்முடைய மாகாணத்தவர்தாம்.

1937 இல் மாகாணங்களில் காங்கிரஸ் மந்திரிசபைகள் ஏற்பட்டபோது காந்தியடிகளின் மனத்தை வாட்டிய விஷயங்களில் இதுவும் ஒன்று. நம் குழந்தைகளின் படிப்புக்கு வேறு வருமானம் இல்லாமல் சாராய வருமானத்தை நம்பியிருக்க வேண்டிய நிலைமையைக் கொடிய அவலமாக அவர் கருதினார். குதிரைப் பந்தயத்தையும் சூதையும் அவர் கண்டித்து எழுதியதும் இதே காரணத்தால்தான். சென்னை மாகாணத்துப் பிரதம மந்திரி ராஜாஜி, அந்த ஆண்டு அக்டோபர் 1 ஆம் தேதி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். கஜானாவில் பள்ளம் விழுந்தது. அதை நிரப்ப 1939 இல் விற்பனை வரிச் சட்டம் செய்தார். வியாபாரிகள் கொதித்தார்கள், பத்திரிகைகள் பரிகாசம் செய்தன. அவர் பின்வாங்கவில்லை. இன்று இந்தியா தேசம் முழுவதும் கடைச் சாமான்களுக்குக் கட்டும் வரிக்கு முன்னோடியாக நின்றது அந்தச் சட்டம்.

அவர் செய்ததன் உட்பொருள் எளியது. ராஜ்யத்துக்குப் பணம் வேண்டுமானால் ஜனங்களிடம் வெளிப்படையாகக் கேள். இன்ன காரியத்துக்கு இவ்வளவு என்று சொல்லி வாங்கு. கொடுக்க மனமில்லாதவர்கள் அடுத்த தேர்தலில் உன்னை வீட்டுக்கு அனுப்பட்டும். லாட்டரி இதற்கு நேர் விரோதமானது. வரி கேட்கும் தைரியம் இல்லாதபோது ஆசையைக் காட்டிக் கேட்பது அது. எஸ்டேட் முதலாளி வருஷத்தில் ஒரு தடவை வேடிக்கைக்குச் சீட்டு வாங்கலாம். ஏலக்காய் பறிப்பவனோ தினமும் வாங்குகிறான்; ஏனெனில் அவனுக்கு வேறு கதவு எதுவும் தென்படவில்லை. ஆகவே இருப்பவனிடம் சிறிதும் இல்லாதவனிடம் பெரிதுமாக வசூலாகும் விசித்திர வரி இது. 2025 செப்டம்பர் முதல் லாட்டரிக்கு நூற்றுக்கு 40 வீதம் ஜி.எஸ்.டி. விதித்திருக்கிறார்கள். கெட்ட பழக்கத்துக்குத் தண்டனை என்று அதற்குச் சமாதானம். தண்டனையைக் கட்டுவதும் அதே கூலிக்காரன்தான்.

"விவசாயமும் சூதுதானே?" என்று திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர் கேட்கலாம். பூப்பிடிக்கும் சமயத்தில் மழை பெய்தால் போயிற்று. கொத்துப் பழுக்கும் சமயத்தில் விலை விழுந்தால் போயிற்று. வாஸ்தவம். ஆனாலும் தோட்டக்காரர் தோற்கும் வருஷத்திலும் நாலு பேருக்குக் கூலி கிடைக்கிறது, கொடி நிற்கிறது, அடுத்த அறுப்புக்கு நிலம் இருக்கிறது. சீட்டு தோற்கும்போது மிஞ்சுவது காகிதம் ஒன்றுதான்.

எல்லை இல்லாத கடை

மலைப்பாதையும் வேண்டாம், ஜீப்பும் வேண்டாம் என்று இக்காலத்தில் சூது வீட்டுக்கே வந்துவிட்டது. டெலிபோனில் ரம்மி, டெலிபோனில் பந்தயம். கடன் வாங்கி ஆடித் தோற்று உயிரை விட்ட இளைஞர்களின் செய்திகள் வரிசையாக வந்தன. தமிழ்நாடு சட்டசபை 2022 அக்டோபரில் ஆன்லைன் சூதாட்டத் தடை மசோதாவை நிறைவேற்றியது. கவர்னர் 2023 மார்ச்சில் திருப்பி அனுப்பினார். சபை அந்த மாதமே மறுபடியும் நிறைவேற்றியது. ஏப்ரலில் அது சட்டமாயிற்று. நவம்பரில் சென்னை ஹைக்கோர்ட், ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று கூறி அவற்றின் மீதிருந்த தடையை மட்டும் நீக்கியது. பிறகு 2025 ஆகஸ்டில் இந்திய பார்லிமெண்டே, பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடுத்துச் சட்டம் செய்தது.

இந்தச் சட்டங்கள் எல்லாம் வேண்டியவைதாம். ஆயினும் தடை என்பது பாதிக் காரியம். வேலி கட்டுவது எளிது. வேலிக்கு உள்ளே மேய்ச்சல் இல்லாவிட்டால் ஆடு வேலியைத் தாண்டத்தான் செய்யும். தன் உழைப்பினால் மகளின் கல்யாணம் நடக்காது என்று மாப்பிள்ளை சொன்னாரே, அந்த வார்த்தைக்குத் தடைச் சட்டம் பதில் ஆகாது. கட்டுப்படியாகும் கூலியும், கடன் கேட்டால் கொடுக்கிற நாணயமான சொசைட்டியும், நோய் வந்தால் வைத்தியம் பார்க்கிற ஆஸ்பத்திரியும் வேண்டும். இவற்றுக்குப் பணம் வேண்டும். அந்தப் பணத்தை எப்படிச் சேர்ப்பது என்பதில்தான் ஒரு ராஜ்யத்தின் யோக்கியதை தெரிகிறது.

நியூ ஹாம்ப்ஷயரில் செய்தது போல ஒரு நாள் நம்முடைய ஊர்களிலும் ஓட்டுப் பெட்டி வைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சூதில் வரும் பணத்தைக் கொண்டு உங்கள் ஊருக்கு ஆஸ்பத்திரி கட்டலாமா என்று கேட்கிறார்கள். மற்ற ஊர்கள் எப்படி வேண்டுமானாலும் ஓட்டுப் போடட்டும். கள்ளுக்கடை வாசலில் காங்கிரஸ் தொண்டர்கள் மறியல் செய்து அடிபட்டதை நேற்று நடந்தது போல் பேசிக்கொள்ளும் தியாகிகளின் ஊர், வேண்டாம் என்றுதான் சொல்ல வேண்டும். அதோடு நிறுத்திவிடவும் கூடாது. வீட்டு வரியோ, விற்பனை வரியோ, தோட்டத்துக்குத் தீர்வையோ, எங்களால் இயன்றதைக் கேளுங்கள், கணக்குக் காட்டுங்கள், கொடுக்கிறோம். ஆனால் எங்களிடம் கொடுக்க வழியில்லாதவன் பையில் கைவிட்டு எடுத்த காசில் எங்களுக்கு ஆஸ்பத்திரி வேண்டாம் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். தண்ணீருக்குத் தீர்வை கட்டிப் பழகிய பள்ளத்தாக்கு இது. தான் கொடுத்த காசு எந்த மடை வழியாகத் திரும்பி வருகிறது என்று பார்க்கத் தெரிந்த ஜனங்கள், அதிர்ஷ்டத்தை நம்பி ராஜ்யம் நடத்துகிறவர்களுக்குப் பாடம் சொல்ல முற்றிலும் தகுதி உள்ளவர்கள்.